அரிய சிதைவுகளில் புதிய இயற்பியல் தேடல்: ஐயமும் துணிவும் உணர்த்தும் தமிழ்க் கலைச்சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

துகள் மோதுவிகளில் நிகழும் அரிய சிதைவுகளை அளந்து, இதுவரை அறியப்படாத துகள்களின் தடத்தைத் தேடும் ஆய்வு அண்மைக்காலத் துகள் இயற்பியலின் முதன்மையான துறைகளுள் ஒன்று. இத்துறையின் முடிவுகள் 'குறிப்பு', 'சான்று', 'கண்டறிவு' எனப் படிநிலைப்பட்ட உறுதியுடன் வெளியிடப்படுகின்றன. தமிழில் அப்படிநிலைகள் மங்கிவிடுவதை 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வெளியான ஒரு முடிவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இலக்கண, அளவை நூல்களின் ஐயம், திரியக்கோடல், தேராது தெளிதல், துணிவு ஆகிய சொற்கள் இக்குறையை நீக்கும் வகையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிதைவு, அரிது, சிக்மா, ஐயம், திரியக்கோடல், துணிவு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் அமைப்பு முறையில் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1916 இல் சேலத்தில் தோன்றிய கலைச்சொற் சங்கம் முதல் இன்றைய பாடநூற் சொல் தொகுதிகள் வரை, முயற்சியின் பெரும்பகுதி பொருட்பெயர்களை ஆக்குவதிலேயே சென்றுள்ளது. எலக்ட்ரானை மின்னணு என்பதா, எதிர்மின்னி என்பதா என்னும் விவாதம் அத்தகையது. அவ்விவாதம் பயனற்றதன்று. எனினும் பொருளின் பெயர் எதுவாயினும் வாசகன் அப்பொருளைத் தவறாக அறிந்துவிடுவதில்லை. ஆய்வாளர் தம் முடிவை எவ்வளவு உறுதியுடன் கூறுகிறார் என்பதை உணர்த்தும் சொல் பிழைபடும்போதோ செய்தியே மாறிவிடுகிறது. உறுதியின் அளவை உணர்த்தும் இச்சொற்களுக்குத் தமிழில் இன்னும் வரையறை இல்லை. அரிய சிதைவு பற்றிய ஆய்வு இக்குறையை மற்ற துறைகளினும் தெளிவாகக் காட்டும். ஏனெனில் அத்துறையின் முடிவுகள் பல ஆண்டுகள் ஐயநிலையிலேயே இருந்து, பின்னரே உறுதிப்படுகின்றன அல்லது மறைகின்றன.

சிதைவு

ஒரு துகள் தானே மறைந்து அதனிடத்தில் வேறு துகள்கள் தோன்றுவதைச் சிதைவு என்கிறோம். பள்ளிப் பாடநூல்களில் கதிரியக்கச் சிதைவு என நிலைபெற்றுவிட்ட சொல் இது. ஆயின் சிதைதல் என்றவுடன் வீடு இடிந்து செங்கல் சிதறுவதுபோல, முன்பே உள்ளே இருந்தவை பிரிந்து வெளிவருவதாகத் தோன்றும். மியூவான் ஏறத்தாழ ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு காலமே வாழ்ந்து, ஓர் எலக்ட்ரானாகவும் இரு நியூட்ரினோக்களாகவும் மாறுகிறது. இம்மூன்றும் மியூவானுக்குள் முன்னர் இருந்தவை அல்ல, மாற்றத்தின்போதே தோன்றுகின்றன.

தமிழ்ப் புணர்ச்சி இலக்கணம் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கும். அவ்வகைப்பாட்டில் வைத்தால் இந்நிகழ்வு கெடுதலைவிடத் திரிதலுக்கே நெருக்கமானது. பால் திரிந்தது என்னும் வழக்கிலும் பால் துண்டுபட்டது என்னும் பொருள் இல்லை. இவ்வாறிருப்பினும் நிலைபெற்ற சொல்லை மாற்றுவது வாசகனுக்கு இடையூறே தரும். சிதைவு என்பதே இருக்கட்டும். முதன்முறை வழங்கும் இடத்தில் 'துகள் திரிந்து வேறாதல்' என்னும் விளக்கம் உடன்வரின் போதும்.

அரிது

ஒரே துகள் பல வழிகளில் சிதையக்கூடும். குறிப்பிட்ட ஒரு வழியில் சிதையும் விழுக்காட்டைக் கிளைப்பின்னம் எனலாம். இப்பின்னம் மிகச் சிறியதாக இருப்பதே அரிய சிதைவு. விந்தைப் பி மேசான் என்னும் துகள் இரு மியூவான்களாக மட்டும் சிதைவது 100 கோடியில் ஏறத்தாழ 3 அல்லது 4 முறையே நிகழும் என்பது இன்றைய கோட்பாட்டின் கணிப்பு. 1980களிலிருந்து தேடப்பட்ட இச்சிதைவுக்கு 2012 நவம்பரில் எல்.எச்.சி.பி. குழு முதற்சான்று தந்தது. சி.எம்.எஸ்., எல்.எச்.சி.பி. ஆகிய இரு குழுக்களும் தரவுகளை இணைத்து 2015 இல் கண்டறிவாக வெளியிட்டன. அளந்த மதிப்பும் கணிப்பும் பிழை எல்லைக்குள் ஒத்தன.

இவ்வளவு அரிய ஒன்றை ஏன் தேட வேண்டும்? துகள்களையும் அவற்றிடையே செயற்படும் விசைகளையும் விளக்கும் இன்றைய கோட்பாடு செந்தர மாதிரி எனப்படும். ஈர்ப்பு விசை அதற்குள் அடங்கவில்லை. கரும்பொருள் எதனால் ஆனது என்பதற்கும் அதில் விடையில்லை. ஆகவே அதற்கு அப்பாற்பட்ட துகள்களோ விசைகளோ இருத்தல் வேண்டும் எனக் கருதுகின்றனர். 'புதிய இயற்பியல்' என்னும் தொடருக்கு இத்துறையில் இதுவே பொருள். பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பிரிவு என்பதன்று. அத்தகைய துகள், மோதுவியின் ஆற்றலால் ஆக்க இயலாத அளவு கனமானதாக இருக்கலாம். அவ்வாறாயினும் அது குவாண்ட முறையில் இடைநிலையாகத் தலைப்பட்டு, ஒரு சிதைவின் வீதத்தைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ இயலும். பெருவழக்கான சிதைவில் அச்சிறு மாற்றம் தெரியாது. செந்தர மாதிரியே மிகக் குறைவாக அனுமதிக்கும் சிதைவில் அது புலப்படும். ஒரகடம் சாலையில் நண்பகலில் மிதிவண்டி மணி ஒலித்தால் யார் காதிலும் விழாது. நள்ளிரவில் அதே மணி தெரு முனைவரை கேட்கும்.

இவ்வழி வெறும் எதிர்பார்ப்பன்று. நடுநிலைக் கேயான் துகள் இரு மியூவான்களாகச் சிதைவது, அக்காலத்தில் அறியப்பட்ட மூன்று குவார்க்குகளை மட்டும் கொண்டு கணித்த அளவினும் மிகக் குறைவாக இருந்தது. அதன் கிளைப்பின்னம் 100 கோடியில் ஏறத்தாழ 7. இக்குறைவை விளக்க கிளாஷோ, இலியோபௌலோஸ், மையானி ஆகிய மூவரும் நான்காம் குவார்க் ஒன்று வேண்டும் என 1970 இல் காட்டினர். 1974 நவம்பரில் அக்குவார்க்கைக் கொண்ட துகள் அமெரிக்காவின் இரு ஆய்வகங்களில் வெளிப்பட்டது. அரிய சிதைவே முன்னறிவித்தது.

தமிழ் உரை மரபுக்கு இம்முறை அயலானதன்று. பெரும்பான்மை வழக்குக்கு விதி கூறிய பின், சிறுபான்மையாக ஒரோவழி வருவனவற்றை உரையாசிரியர்கள் தேடி எடுத்து வைப்பர். விதியின் எல்லை அங்கேதான் தெரியும் என்பதனாலேயே அவ்வாறு செய்தனர். ஆனால் 'அரிது' என்னும் சொல்லில் ஓர் இடர் உண்டு. பழைய வழக்கில் அச்சொல் அருமையுடையது, செய்தற்குக் கடினமானது, இயலாதது என்னும் பொருள்களையும் தரும். இயற்பியலில் அரிய சிதைவு வேறு, விலக்கப்பட்ட சிதைவு வேறு. முன்னது குறைவாக நிகழ்வது. பின்னது கோட்பாடு இடம் தராதது. விலக்கப்பட்டது ஒருமுறை நிகழ்ந்தாலும் கோட்பாடு வீழும். அரியது நிகழ்வதால் மட்டும் வீழாது, எத்தனை முறை நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே வீழும். இவ்விரண்டையும் 'அரிது' என்றே எழுதும் கட்டுரைகள் ஆய்வின் நோக்கத்தையே தவறவிடுகின்றன.

சிக்மாவின் இரு வாழ்வு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலை படப்பையைக் கடந்து சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடத்தை அடைகிறது. ஊர்தி ஆலைகளும் அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் ஆலைகளும் நிறைந்த இப்பகுதியில் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருப்போருக்குச் 'சிக்ஸ் சிக்மா' பழகிய சொல். 1980களில் மோட்டோரோலா நிறுவனத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய அம்முறை, 10 லட்சம் வாய்ப்புகளில் 3.4 குறைபாடுகளையே ஏற்கிறது. துகள் இயற்பியலாளரும் அதே கிரேக்க எழுத்தையே பயன்படுத்துகின்றனர். 5 சிக்மா என்றால், புதிது எதுவும் இல்லாத நிலையில் தற்செயலால் மட்டும் இத்தகைய மிகுதி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று.

இரு எண்களையும் அருகருகே வைத்தால் ஒரு புதிர் எழும். ஆலையின் ஆறு, ஆய்வகத்தின் ஐந்தைவிடக் கடுமையானதாக இருக்க வேண்டுமன்றோ? உண்மை அதற்கு நேர்மாறானது. 10 லட்சத்தில் 3.4 என்பது 35 லட்சத்தில் ஒன்றைவிடப் பன்னிரண்டு மடங்கு அளவு பெரியது. நாளடைவில் உற்பத்தி 1.5 சிக்மா அளவு விலகக்கூடும் எனத் தொழில்துறை முன்கூட்டியே கழித்துக்கொள்வதால், அங்கே ஆறு எனப்படுவது கணக்கில் நான்கரையே. ஒரே சொல், ஒரே குறியீடு. துறைக்குத் துறை பொருளளவு வேறு.

நோக்கத்திலும் மாறுபாடு உண்டு. ஆலையில் 10 லட்சத்தில் ஒன்றாக வரும் பிறழ்ந்த உறுப்பு ஒதுக்கப்பட வேண்டியது. மோதுவியில் நொடிக்கு 4 கோடி முறை வரை புரோட்டான் திரள்கள் ஒன்றையொன்று கடக்கின்றன. அவற்றில் வழக்கமானவை ஒதுக்கப்பட்டு, பிறழ்ந்ததாகத் தோன்றும் சிலவே பதிவில் வைக்கப்படுகின்றன. சேரப்பணஞ்சேரி வாசகனுக்கு இத்துறையை விளக்க விரும்பும் தமிழ் எழுத்தாளர் இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். செர்ன் வளாகத்தில் 2004 இல் நிறுவப்பட்ட நடராசர் சிலையிலிருந்து தொடங்குவதைவிட அது பயன் தரும்.

2021 மார்ச் முதல் 2022 டிசம்பர் வரை

பி மேசான் ஒன்று கேயானாகவும் இரு மியூவான்களாகவும் சிதையலாம். கேயானாகவும் ஓர் எலக்ட்ரான், அதன் எதிர்த்துகள் ஆகிய இணையாகவும் சிதையலாம். இரண்டும் அரியவை. நிறையைத் தவிர மியூவானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே செந்தர மாதிரி வேற்றுமை காட்டாது; எனவே இவ்விரு சிதைவுகளின் விகிதம் ஒன்றுக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். 2014 இலேயே எல்.எச்.சி.பி. குழு இவ்விகிதம் ஒன்றினும் குறைவாக இருக்கக் கண்டது. 2021 மார்ச்சில், பெருகிய தரவுகளுடன் 0.846 என்னும் மதிப்பை வெளியிட்டது. விலகல் 3.1 சிக்மா. இத்துறையின் மரபுப்படி 3 சிக்மாவைக் கடந்தது 'சான்று' எனப்படும். 5 சிக்மாவைக் கடந்ததே 'கண்டறிவு'.

3.1 சிக்மா என்பதன் பொருள் யாது? செந்தர மாதிரி சரியெனின், இவ்வளவு விலகல் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்பதே. இதனைப் 'புதிய இயற்பியல் இருப்பது 99.9 விழுக்காடு உறுதி' எனத் திருப்பி எழுதுவது பிழை. முன்னது ஒரு நிபந்தனையின் கீழ் தரவு பற்றிய கூற்று. பின்னது கோட்பாடு பற்றிய கூற்று. 'எனின்' என்னும் நிபந்தனைச் சொல்லை விட்டுவிட்டால் தொடர் முழுவதும் தலைகீழாகும்.

2022 டிசம்பரில் அதே குழு மறு ஆய்வை வெளியிட்டது. விகிதம் செந்தர மாதிரியுடன் ஒத்தது. முன்னைய ஆய்வில் எலக்ட்ரான் எனக் கணக்கிடப்பட்டவற்றுள் சில, எலக்ட்ரானைப் போலக் கருவியில் பதிந்த வேறு துகள்கள் என்பதும், அவற்றின் பங்கு குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. பிழையைக் கண்டறிந்தவர் வெளியார் அல்லர், முடிவை வெளியிட்டவர்களே. ஆய்வு நெறிக்கு இது பெருமையே அன்றிச் சிறுமையன்று. ஆனால் 2021 இல் 'நிறுவப்பட்டது' எனப் படித்த வாசகன் 2022 இல் 'தவறு' எனப் படிக்கும்போது அறிவியலின் மீதே நம்பிக்கை இழக்கக்கூடும். ஆய்வுக்குழு நிறுவியதாகக் கூறவே இல்லை. இடையில் நின்ற சொல் அவ்வாறு கூறியது.

அளவைப் பிழைகளின் பெயர்கள்

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளையும், அளவை போலத் தோன்றிப் பிழைபடும் எட்டையும் எடுத்துரைக்கிறான். அவ்வெட்டனுள் நான்கு இங்குக் கருதத்தக்கவை. ஐயம், நிற்பது தறியா மனிதனா எனத் துணியாமல் நிற்றல். தேராது தெளிதல், ஆராயாமலே அத்தறியை மனிதன் எனக் கொள்ளல். திரியக்கோடல், இப்பியை வெள்ளி என்பதுபோல ஒன்றை வேறொன்றாகக் கொள்ளல். கண்டுணராமை, எதிரில் உள்ளதைக் கண்டும் இன்னதென அறியாதிருத்தல்.

மேற்கூறிய 2021 ஆம் ஆண்டு முடிவில் நேர்ந்தது திரியக்கோடல். வேறு துகள் எலக்ட்ரானாகக் கொள்ளப்பட்டது. இதனை 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட வேறொரு மிகுதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுக்களும் இரு ஒளித்துகள்களாகச் சிதையும் புதிய கனத்துகள் ஒன்றின் சாயலை 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே கண்டன. கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கான விளக்கக் கட்டுரைகளை எழுதினர். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவுகளில் அச்சாயல் மறைந்தது. அங்கே கருவியோ அடையாளமோ பிழைபடவில்லை. தற்செயலின் ஏற்ற இறக்கமே அது. ஆய்வுக்குழுக்கள் ஐயத்தில் நின்றன. விரைந்து நம்பியவர்களே தேராது தெளிந்தவர்கள்.

சிக்மா எண் அளப்பது தற்செயலின் வாய்ப்பை. அறியாமல் நேர்ந்த திரியக்கோடலை அது அளக்காது. 5 சிக்மாவிலும் இப்பி வெள்ளியாகத் தோன்றலாம். தமிழில் இவ்விரு வகைப் பிழைகளையும் 'தவறு' என ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் மாற வேண்டும். கண்டுணராமைக்கும் இத்துறையில் இடமுண்டு: பதிவில் வைக்கத் தகாதன என ஒதுக்கப்பட்ட மோதல்களுள் தேடியதே இருந்திருப்பின், அது கருவியின் முன் வந்தும் அறியப்படாமல் போனதாகும். ஆய்வாளர் பெரிதும் அஞ்சுவது இதனையே.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் கூற வேண்டும். மணிமேகலை துகள் இயற்பியலை முன்னறிந்தது என்பது இதன் கருத்தன்று. அத்தகைய கூற்று தானே தேராது தெளிதலுக்கு எடுத்துக்காட்டாகும். அறிவு எவ்வாறெல்லாம் பிழைபடும் என்பதை வகைப்படுத்திய மரபு தமிழில் சொற்களை விட்டுச் சென்றுள்ளது என்பது மட்டுமே இங்குக் கொள்ளத்தக்கது.

சான்று, தகுநிகழ்வு, துணிவு

'சான்று' தமிழில் கனமான சொல். சான்றோர், சான்றிதழ், சான்றாண்மை என அதன் குடும்பம் முழுவதும் உறுதியும் நிறைவும் சார்ந்தது. நீதிமன்ற வழக்கிலும் சான்று கிடைத்துவிட்டால் குற்றம் ஏறத்தாழ முடிவானதாகவே பொதுமக்கள் கொள்வர். துகள் இயற்பியலில் 3 சிக்மா நிலைக்கு இச்சொல்லைத் தனியே வழங்குவதால் பொருள் மிகைப்படுகிறது. முற்சான்று எனலாம், இன்னும் வரவேண்டியது உண்டு என்பதை அம்முன்னொட்டு உணர்த்தும். அதனினும் தாழ்ந்த நிலைக்குச் 'சாயல்' பொருந்தும். 'கண்டுபிடிப்பு' என்பது புதிதாகப் புனைந்த கருவியையும் குறிப்பதால் 5 சிக்மா நிலைக்குக் கண்டறிவு அல்லது துணிவு ஏற்றது.

துணிவு இங்கே அஞ்சாமையைக் குறித்ததன்று. நம்பியகப்பொருள் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என ஒரு வரிசை கூறும். தலைவியைக் கண்ட தலைவன் இவள் தெய்வமகளோ மானிடமகளோ என ஐயுற்று, வாடும் பூ, இமைக்கும் கண் முதலிய அடையாளங்களால் மானிடமகளே எனத் துணிகிறான். காட்சிக்கும் துணிவுக்கும் இடையில் ஐயத்தை ஒரு முறையான நிலையாக வைத்து, அதனைக் கடப்பதற்கு அடையாளங்களையும் வகுத்த மரபு இது. எலக்ட்ரானையும் பையானையும் பிரித்தறியும் கருவியாளர் செய்வதும் அடையாளம் தேடலே. 2021 இல் குறைபட்டதும் அதுவே.

ஐயநிலையில் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கூறுகிறார். ஆணா பெண்ணா என ஐயுற்றால் பன்மையால் கூறுக. உயர்திணையா அஃறிணையா என ஐயுற்றால் 'உரு' போன்ற பொதுச்சொல்லால் கூறுக என்பது அவ்விதிகளின் கருத்து. துணியாத ஒன்றுக்குத் துணிந்த பெயரை இடாதே என்பதே இதன் உட்பொருள். இதனை ஏற்றால் அறிவியல் தமிழிலும் 'எலக்ட்ரான்கள்' என்று எழுதாமல் 'எலக்ட்ரானாகப் பதிந்த துகள்கள்' என்று எழுதும் இடங்கள் உண்டாகும். தொடர் சற்று நீளும், நீளட்டும்.

இன்னொரு சொல் கோலார் தங்கவயலை நினைவூட்டுகிறது. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக உழைத்த அச்சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய ஆய்வாளரும் 1980 முதல் புரோட்டான் சிதைவைத் தேடினர். மோதுவி ஆய்வன்று எனினும் அரியவற்றுள் அரிய சிதைவைத் தேடிய ஆய்வு அது. சில பதிவுகளைப் புரோட்டான் சிதைவாக இருக்கத்தக்கவை என அறிவித்தனர். பின்னர் வந்த பெரிய கருவிகள் அவற்றை உறுதிப்படுத்தவில்லை. புரோட்டான் சிதையுமாயினும் அதன் ஆயுள் 10 இன் 34 ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதே இன்றைய எல்லை. இத்தகைய பதிவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை அகராதிவழிப் பெயர்த்தால் 'வேட்பாளர் நிகழ்வு' என வரும். தேர்தல் நினைவைத் தரும் அத்தொடரினும் 'தகுநிகழ்வு' நன்று.

பெல் 2 முடிவைத் தமிழில் எழுதுதல்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினரும் பங்கேற்கும் பெல் 2 ஆய்வு ஜப்பானின் சுகுபா நகரில், எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் மோதும் மோதுவியில் நடைபெறுகிறது. 2023 இல் அக்குழு ஒரு முடிவை வெளியிட்டது. மின்னூட்டமுடைய பி மேசான், கேயானாகவும் இரு நியூட்ரினோக்களாகவும் சிதைவதைப் பற்றியது அது. நியூட்ரினோக்கள் கருவியில் பதிவதில்லை. மோதலுக்கு முன் இருந்த ஆற்றலிலிருந்து பதிந்தவற்றின் ஆற்றலைக் கழித்து எஞ்சியதைக் கொண்டே அவை அறியப்படுகின்றன. காண்டல் அன்று, கருதல். ஆதலால் வேறு துகள் தப்பிச் சென்றதையும் நியூட்ரினோ எனக் கொள்ளும் திரியக்கோடலுக்கு இங்கே வாய்ப்பு மிகுதி. அத்தப்பிய துகளே புதியதாகவும் இருக்கலாம் என்பதனால்தான் இச்சிதைவு இவ்வளவு கவனம் பெறுகிறது.

அளந்த கிளைப்பின்னம் 10 லட்சத்தில் ஏறத்தாழ 23. செந்தர மாதிரியின் கணிப்பு ஏறத்தாழ 5 அல்லது 6. இம்முடிவில் இரு சிக்மா எண்கள் உள்ளன. இச்சிதைவு நிகழ்கிறது என்பதற்கு 3.5, அதன் அளவு கணிப்பினும் மிகுதி என்பதற்கு 2.7. முதலாவது முற்சான்று, இரண்டாவது சாயல் மட்டுமே. 'புதிய இயற்பியலுக்குச் சான்று' என்னும் தலைப்பு முதல் எண்ணை எடுத்து இரண்டாவதன்மேல் ஏற்றிவிடும். இம்முடிவைத் தமிழில் பின்வருமாறு எழுதலாம்: 'இச்சிதைவு நிகழ்வதற்கு முற்சான்று கிடைத்துள்ளது. அதன் அளவு செந்தர மாதிரியின் கணிப்பினும் மிகுந்திருப்பதாகச் சாயல் தெரிகிறது. அது தற்செயலோ, திரியக்கோடலோ, புதிய துகளோ என்பது இன்னும் துணியப்படவில்லை.'